அதே டாக்டர், அதே அறை, மூன்று மடங்கு பில்

கேள்வி: நியூ ஜெர்சியில் பதினோரு வருடமாக இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. இன்சூரன்ஸ் அவர் கம்பெனி மூலம்தான், டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகம் உள்ள பிளான். எனக்குத் தைராய்டில் சிறு கட்டி இருப்பதால் ஆறு வருடமாக ஒரே டாக்டரிடம் வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து, அங்கேயே ஸ்கேனும் எடுத்துக்கொண்டு வருகிறேன். போன வருடம் வரை டாக்டருக்கு 150 டாலர், ஸ்கேனுக்கு 180 டாலர். இந்த வருடம் டாக்டருக்கு 118, 'ஃபெசிலிட்டி ஃபீ' என்று 236, ஸ்கேனுக்கு 742. அதே டாக்டர், அதே அறை, அதே நர்ஸ். வாசலில் போர்டு மட்டும் மாறியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி குரூப் ஒன்று கிளினிக்கை வாங்கிவிட்டதாம். இது சட்டப்படி சரிதானா? பெரிதாகச் சேர்ந்தால் செலவு குறையும் என்றுதானே சொல்கிறார்கள்? பேசாமல் ஜூலையில் சென்னை போகும்போது ஸ்கேனை அங்கேயே எடுத்துவிடலாமா? பில்லின் போட்டோ இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம் சகோதரி. போட்டோ அனுப்பியது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. டாக்டருக்கான தொகை 150-லிருந்து 118 ஆகக் குறைந்திருக்கிறதே, கவனித்தீர்களா? உங்கள் டாக்டர் உங்களிடம் ஒரு டாலர்கூட அதிகம் கேட்கவில்லை. ஏறியது இடத்தின் விலை. டாக்டரின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'பிளேஸ் ஆஃப் சர்வீஸ்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் 19 என்று போட்டிருக்கிறார்கள். போன வருட பில்லை எடுத்துப் பாருங்கள், அதே கட்டத்தில் 11 என்று இருக்கும். 11 என்றால் சாதாரண கிளினிக். 19 என்றால் ஆஸ்பத்திரி வளாகத்துக்கு வெளியே இருக்கும், ஆனால் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான புறநோயாளி பிரிவு. வளாகத்துக்குள்ளேயே இருந்தால் 22. அறை மாறவில்லை, நாற்காலி மாறவில்லை, இந்த எண் மாறிவிட்டது. எண் மாறியதும் உங்கள் வருகை இரண்டாக உடைந்து, டாக்டரின் வேலைக்கு ஒரு பில்லும் கட்டடம், ஊழியர், கருவி என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு பில்லுமாக வருகிறது. ஸ்கேனும் அப்படித்தான், கிளினிக் ரேட்டிலிருந்து ஆஸ்பத்திரி ரேட்டுக்குப் போய்விட்டது.

சட்டப்படி சரியா என்றால், சரிதான். கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் இந்த ஃபெசிலிட்டி ஃபீக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேர்கூட இப்படி விலை ஏறுவதைப் பார்த்துவிட்டு, 2015-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு புதிதாகச் சேர்க்கப்படும் வெளி கிளினிக்குகளுக்கு ஆஸ்பத்திரி ரேட் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் அது மெடிகேருக்கு. கம்பெனி இன்சூரன்ஸில் இருக்கும் உங்களுக்கு ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸும் பேசி முடித்த ரேட் எதுவோ அதுதான் விலை.

அந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் புரியும். இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பக்கம் உட்கார்ந்து ஆஸ்பத்திரிகளோடு ரேட் பேசுவதுதான் பதினாறு வருடம் என் வேலை.

நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் இரண்டு மண்டபம், இரண்டு முதலாளி. ஒருவர் வாடகையைக் கூட்டினால் எதிர் மண்டபத்தில் விசாரித்துவிட்டு வருவோம், அவர் மின்சாரத்துக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்று இறங்கி வருவார். இப்போது இரண்டையும் ஒருவரே வாங்கிவிட்டார் என்று வையுங்கள். போர்டு இரண்டும் அப்படியே இருக்கும், ஆனால் நீங்கள் எங்கே போய் விசாரித்தாலும் போன் எடுப்பது ஒரே ஆள். முகூர்த்தத் தேதியோ குறித்தாயிற்று, தள்ளிப்போட முடியாது. அப்புறம் அவர், 'எங்கள் மண்டபம் என்றால் எங்கள் சமையல்காரர்தான், எங்கள் அலங்காரம்தான், வெளியாள் கூடாது' என்பார். ஒத்துக்கொண்டுதான் வருவோம். ஆஸ்பத்திரி விஷயத்தில் முகூர்த்தத் தேதியை உடம்பு குறிக்கிறது.

நான் ஒரு பகுதியில் ரேட் பேசிக்கொண்டிருந்தபோது அங்கே இரண்டு ஆஸ்பத்திரிகள், காரில் பத்து நிமிடம்தான் இடைவெளி. இரண்டின் ஒப்பந்த அதிகாரிகளும் வேறு வேறு வாரங்களில் வருவார்கள், இருவருமே காபி குடிக்கும்போது பேச்சுவாக்கில் 'அங்கே எவ்வளவு கொடுக்கிறீர்கள்' என்று தூண்டில் போடுவார்கள். நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டதே எனக்குப் பலம். ஒருவர் அதிகமாக இழுத்தால், சரி, பிரசவத்துக்கும் மூட்டு ஆபரேஷனுக்கும் எங்கள் ஆட்களை அடுத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொள்கிறோம் என்று எழுந்துவிடலாம். எழுந்ததும் உண்டு. இரண்டும் இணைந்த பிறகு வந்த முதல் ஒப்பந்தப் புதுப்பிப்பில் ஒரே ஒரு அதிகாரி வந்தார். ஒரே எக்செல் ஃபைல், அதில் இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆஸ்பத்திரியின் பெயர், இரண்டிலும் ஒரே ரேட், அதுவும் இரண்டில் எது அதிகமோ அது. இரண்டும் வேண்டும், இல்லையென்றால் இரண்டும் கிடையாது என்றார். அந்த வட்டாரத்தில் இரண்டையும் விட்டுவிட்டு ஒரு பிளானை எந்தக் கம்பெனிக்கும் விற்க முடியாது, 'என் மனைவி எங்கே பிரசவிப்பாள்' என்று அடுத்த நாளே போன் வரும். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது ரத்து நோட்டீஸ் வந்தது, உள்ளூர்ப் பேப்பரில் 'உங்கள் இன்சூரன்ஸ் உங்கள் டாக்டரைக் கைவிடப் போகிறது' என்று விளம்பரம் வந்தது. கடைசி நாள் இரவு பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட்டோம். அந்த ரேட்டை அடுத்த வருடம் பிரீமியத்தில் யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்களைப் போன்ற குடும்பங்கள்தான், நான் இல்லை.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் இல்லை. கலிபோர்னியாவில் பெர்க்லியின் ஆல்டா பேட்ஸ், பக்கத்து ஓக்லாந்தின் சம்மிட் என்று இரண்டு ஆஸ்பத்திரிகள் இருந்தன. 1999-ல் இரண்டும் சட்டர் ஹெல்த் குரூப்பின் கீழ் இணைந்தன. மாநில அரசு கோர்ட்டுக்குப் போய்த் தோற்றது. தொண்ணூறுகளில் இப்படி இணைப்பைத் தடுக்கப் போன வழக்குகள் அடுத்தடுத்துத் தோற்றன. விலை ஏறினால் நோயாளிகள் பக்கத்து ஊருக்குப் போய்விடுவார்கள், ஆகவே போட்டி இருந்துகொண்டுதான் இருக்கும் என்ற வாதம் அப்போது எடுபட்டது. பிறகு வியாபாரப் போட்டியைக் காக்கும் மத்திய அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் பொருளாதார நிபுணர் ஒருவர் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். இணைப்புக்குப் பிறகு சம்மிட்டின் விலை, இணையாத மற்ற ஆஸ்பத்திரிகளோடு ஒப்பிட்டால், 28 முதல் 44 சதவீதம் வரை கூடுதலாக ஏறியிருந்தது. பக்கத்து ஊருக்கு யாரும் போகவில்லை. வலியோடு இருக்கிறவர் எங்கே போவார்!

அந்த சட்டர் ஹெல்த் மீது பின்னால் தொழிலாளர் சுகாதார நிதி ஒன்றும் 2018-ல் கலிபோர்னியாவின் தலைமை அரசு வக்கீலான அட்டர்னி ஜெனரலும் வழக்குப் போட்டார்கள். குரூப்பின் எல்லா ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், விலை குறைந்த இடத்துக்கு நோயாளிகளைத் திருப்பிவிடக் கூடாது என்ற மாதிரி நிபந்தனைகள்தான் புகார். விசாரணை தொடங்கும் நேரத்தில் 2019-ல் சமரசம் ஆயிற்று, 57 கோடியே 50 லட்சம் டாலர், கூடவே அந்த நிபந்தனைகளையும் கைவிட வேண்டும் என்று. சட்டர் தரப்பு தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணக்கில் அந்தப் பணத்தைவிட நிபந்தனைகள் போனதுதான் பெரிய விஷயம். மண்டபத்துக்கு வெளிச் சமையல்காரரை அழைத்துவர விட்ட மாதிரி.

நாடு முழுக்க எடுத்துக்கொண்டால், யேல் பல்கலைக்கழகத்தின் ஸாக் கூப்பரும் அவருடைய சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், வட்டாரத்தில் போட்டியே இல்லாத ஆஸ்பத்திரியின் விலை, நான்கு அல்லது அதற்கு மேல் போட்டி உள்ள ஊர்களைவிட 12 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஐந்து மைலுக்குள் இருக்கும் ஆஸ்பத்திரிகள் இணைந்தால் விலை 6 சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. மெடிகேரில் அரசே ரேட் வைப்பதால் அங்கே இந்த விளையாட்டு நடக்காது. அதனால்தான் கம்பெனி இன்சூரன்ஸ்கள் 2022-ல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தது, அதே சிகிச்சைக்கு மெடிகேர் கொடுப்பதைப் போல சராசரியாக இரண்டரை மடங்கு என்று ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது.

பெரிதாகச் சேர்ந்தால் செலவு குறையும் என்று சொல்கிறார்களே என்றீர்கள். அவர்களுடைய செலவு ஓரளவு குறையலாம், மருந்து மொத்தமாக வாங்குகிறார்கள், ஒரே கம்ப்யூட்டர் சிஸ்டம், ஒரே பில்லிங் பிரிவு. குறைந்த செலவை உங்களுக்குக் கொடுக்க அவர்களுக்கு என்ன கட்டாயம் இருக்கிறது? எதிர் மண்டபம் இருந்தால்தான் கொடுப்பார்கள். சரி, விலை ஏறினாலும் தரம் கூடியிருக்குமோ என்றால், 2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில் வாங்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இறப்பு விகிதத்திலோ திரும்ப அட்மிட் ஆவதிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, நோயாளிகளின் அனுபவம் மட்டும் சற்று மோசமாகியிருந்தது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் மடேராவில் பெரியவர்களுக்கென்று இருந்த ஒரே பொது ஆஸ்பத்திரி பணமில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தது. பெரிய குரூப் ஒன்று வாங்க வந்தது, அட்டர்னி ஜெனரல் விலைக் கட்டுப்பாடு உள்ளிட்ட நிபந்தனைகளோடு அனுமதித்தார், குரூப் பின்வாங்கிவிட்டது. 2023 ஜனவரியில் ஆஸ்பத்திரி மூடப்பட்டது, இரண்டு வருடத்துக்கு மேல் அந்த ஊர்க்காரர்கள் அவசரத்துக்குப் பக்கத்து ஊருக்கு ஓடினார்கள். ஆகவே எல்லா இணைப்பும் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூழ்கப்போகிற ஆஸ்பத்திரியை ஒருவர் தூக்கி நிறுத்துவது வேறு. ஒரே தெருவில் நன்றாக ஓடுகிற இரண்டு இணைவது வேறு.

உங்கள் மாநிலத்திலேயே இது நடந்திருக்கிறது. நியூ பிரன்ஸ்விக்கில் ஒரு மைல் தூரம்கூட இல்லாமல் ஆர்டபிள்யூஜே பல்கலைக்கழக ஆஸ்பத்திரியும் செயின்ட் பீட்டர்ஸும் இருக்கின்றன, எடிசன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இரண்டில் ஒன்றில் பிள்ளை பிறந்திருக்கும். இரண்டையும் இணைக்கும் திட்டத்தை எதிர்த்து 2022 ஜூனில் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டது, இரண்டே வாரத்துக்குள் திட்டத்தைக் கைவிட்டார்கள். அதே வருடம் மார்ச்சில், பெர்கன் கவுன்டியில் ஹாக்கன்சாக் மெரிடியன் குரூப் எங்கிள்வுட் ஆஸ்பத்திரியை வாங்குவதை அப்பீல் கோர்ட்டும் தடுத்தது. நடந்திருந்தால் அந்தக் கவுன்டியின் ஆறு பொது ஆஸ்பத்திரிகளில் மூன்று ஒரே கையில் இருந்திருக்கும். தொண்ணூறுகளில் தோற்றவர்கள் இப்போது ஜெயிக்கிறார்கள். ஆனால் உங்கள் கிளினிக் மாதிரி நான்கு டாக்டர், ஆறு டாக்டர் என்று சின்னச் சின்னதாக வாங்கிச் சேர்ப்பது யார் கண்ணிலும் படுவதில்லை; தொகை சிறியது என்பதால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய அவசியம்கூடப் பெரும்பாலும் வராது. எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அதுதான்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது.

டாக்டரை மாற்ற வேண்டாம், ஸ்கேன் எடுக்கும் இடத்தை மாற்றுங்கள். உங்கள் ஸ்கேனுக்கான குறியீடு 76536. ஆஸ்பத்திரிக்குச் சொந்தமில்லாத, உங்கள் இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில் (ஒப்பந்தப் பட்டியலில்) இருக்கும் இமேஜிங் சென்டர் எது என்று இன்சூரன்ஸ் வெப்சைட்டில் விலைக் கணிப்பான் பகுதியில் இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். 2024 முதல் எல்லாச் சேவைக்கும் உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்ட வேண்டும் என்பது விதி. அப்புறம் அந்த சென்டருக்குப் போன் போட்டு, 'நீங்கள் ஆஸ்பத்திரி புறநோயாளி பிரிவாக பில் போடுவீர்களா, தனி சென்டராகவா' என்று கேளுங்கள். தனி சென்டர் என்று சொன்னால் பெயரையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம், 'டிடக்டிபிள் முழுக்க என் கையிலிருந்து போகிறது, ஸ்கேனை வெளியே எடுத்து வருகிறேன், ஆர்டர் எழுதிக்கொடுங்கள்' என்று நேராகச் சொல்லலாம், அதில் தயங்க ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வேலைக்குப் போன பிறகு உள்ளேயே அனுப்பச் சொல்லி டாக்டர்களுக்கு அழுத்தம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் நோயாளியே கேட்டால் மறுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

236 டாலரைப் பொறுத்தவரை, அந்த டாக்டர் வாரத்தில் ஒரு நாளாவது 11 என்று பில் ஆகும் வேறு இடத்தில் உட்காருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பேச மட்டும்தான் போகிறீர்கள் என்றால் வீடியோவில் பேசினாலும் இந்த ஃபீ உண்டா என்றும் கேளுங்கள், சில இடங்களில் இல்லை. இந்த வருட பில்லுக்கு, பணம் கட்டும் முன் வரிவாரியான பில்லை வாங்கி இன்சூரன்ஸ் அனுப்பிய ஈஓபியோடு (எதற்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்ற விளக்கத் தாள்) ஒத்துப் பாருங்கள். கிளினிக் கைமாறியதையும் இந்த ஃபீ வரும் என்பதையும் அப்பாயின்ட்மென்ட் தரும்போது சொல்லவில்லை என்று எழுத்தில் தெரிவித்துத் தள்ளுபடி கேளுங்கள். முழுதாகப் போகாது, ஆனால் குறைத்துக் கொடுத்த சம்பவங்கள் எனக்குத் தெரியும், மொத்தமாக உடனே கட்டுகிறேன் என்றால் இன்னும் இறங்குவார்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2024 கணக்குப்படி அமெரிக்காவில் கம்பெனி இன்சூரன்ஸில் இருப்பவர்களில் சுமார் 63 சதவீதம் பேருக்கு, கார்டில் எந்த இன்சூரன்ஸ் பெயர் இருந்தாலும், பில்லுக்குப் பணம் போவது கம்பெனியின் சொந்தக் கணக்கிலிருந்துதான். அவர் கம்பெனியும் அப்படியா என்று எச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஆம் என்றால், ஒரே ஸ்கேன் 180-லிருந்து 742 ஆனதை உங்கள் இரண்டு பில்லையும் வைத்து எழுதிக் காட்டட்டும். 2024-ல் குடும்பப் பிளானின் சராசரி பிரீமியம் வருடத்துக்கு 25,572 டாலர், அதில் கம்பெனி கட்டும் பெரும்பகுதியும் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம்தான். தனி சென்டரில் எடுத்தால் ஊழியருக்குச் செலவே இல்லை என்றோ குறைவு என்றோ பிளானை மாற்றி அமைக்கலாம். நான் ஆலோசனை சொன்ன கம்பெனிகளில் இரண்டு அப்படிச் செய்திருக்கின்றன, அது இந்த மாதிரி ஒரு ஊழியரின் கடிதத்தில்தான் தொடங்கியது. இலையுதிர் காலத்தில் அடுத்த வருடப் பிளான் முடிவாகும் முன் எழுத வேண்டும், ஆகஸ்டுக்குள் எழுதிவிட்டால் நல்லது.

கடைசியாகச் சென்னை. அங்கே தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டர் இருக்கிறது, ஒன்றுக்கொன்று போட்டி போட்டு விலை வைக்கிறார்கள், கேட்டால் போனிலேயே விலை சொல்கிறார்கள். விலைக்காக எடுத்தால் தப்பே இல்லை, எச்.எஸ்.ஏ. என்ற வரியில்லா மருத்துவச் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதிலிருந்தும் கட்டலாம், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரும்பாலான பிளான்களில் அது டிடக்டிபிளில் சேராது. அதைவிட முக்கியம், உங்கள் டாக்டர் பார்ப்பது கட்டி போன வருடத்தைவிட வளர்ந்திருக்கிறதா என்பதை. வேறு கருவி, வேறு கை என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும், அதை வளர்ச்சி என்று நினைத்துப் பயந்து ஊசிப் பரிசோதனை வரை போனவர்கள் உண்டு. எடுப்பதாக முடிவு செய்தால் போகும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள், கட்டியின் நீளம் அகலம் ஆழம் மூன்றையும் டைராட்ஸ் வகையையும் (கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்ற தரவரிசை) ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள், படங்களை சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். வெறும் பிரின்ட் மட்டும் கொண்டுவந்தால் இங்கே மறுபடியும் எடுக்கச் சொல்வார்கள், அதுவும் அந்த 742 டாலர் இடத்திலேயே.